மதக் கட்டமும் சாதிக் கட்டமும்



அயோத்திதாசப் பண்டிதரின் நினைவாகப் பேச வந்திருக்கிறேன். 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியவர் அவர். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைக் கொண்டுவந்தார். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நெருங்கியபோது, உங்களைப் பௌத்தர் என்று பதியச் சொல்லுங்கள் என்று தம் மக்களைக் கேட்டுக்கொண்டார். நம்மைக் கேட்காமலே நம்மை ஒரு மதக் கட்டத்தில் எழுதிக்கொள்வதை அவர் ஏற்கவில்லை. நூறாண்டு கழிந்தும் அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7 கோடியே 21 லட்சம். அதில் இந்துக்கள் 87.58 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 6.12, முஸ்லிம்கள் 5.86. தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்கு இந்த எண்கள் மனப்பாடம். தேர்தல் மேடைகளிலும் இவை அடிக்கடி ஒலிக்கும். இவற்றோடு இன்னோர் எண்ணையும் சேர்த்துப் படியுங்கள். அதே கணக்கெடுப்பில் பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காடு, அதாவது 1 கோடியே 44 லட்சம் பேர். ஏறக்குறைய அனைவரும் இந்துக் கட்டத்துக்குள்தான் வருகிறார்கள். நூறு இந்துக்களில் சுமார் 23 பேர் நாம். 'பெரும்பான்மை' என்று மார்தட்டும்போது நம் தலைகளையும் எண்ணிக்கொள்கிறார்கள். கோயில் நுழைவு என்று வரும்போது அந்த எண் மறந்துபோகிறது.

இந்த 20 விழுக்காட்டில் ஒரு கிறிஸ்தவரோ ஒரு முஸ்லிமோ இல்லை. எப்படி? அந்த மதங்களில் தலித்துகளே இல்லையா? காரணம் சட்டம். 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். மற்றவர்களுக்குக் கதவு இன்றும் மூடியே இருக்கிறது. கணக்கெடுப்பும் இந்த விதியின்படியே நடக்கிறது. கிறிஸ்தவர் என்று சொன்ன ஆதிதிராவிடரைப் பட்டியல் சாதி என்று எழுத முடியாது. மதக் கட்டத்தில் எழுதும் பதில் சாதிக் கட்டத்தைத் தீர்மானிக்கிறது.

இந்த விதி எல்லாருக்கும் உண்டா? நம் ஏரிக்கரையையே பாருங்கள். பட்டினவர் ஒருவர் கிறிஸ்தவர் ஆனால் அவர் மிகப் பிற்படுத்தப்பட்டவராகவே நீடிக்கிறார். மீனவர் சாதிகளுக்கான பதிவில், கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள் உட்பட என்று மாநில அரசே எழுதி வைத்திருக்கிறது. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண் தேவாலயத்துக்குப் போனால் அவர் பழங்குடியாகவே இருக்கிறார். பழங்குடிகளுக்கான ஆணையில் மதம் பற்றிய பேச்சே இல்லை. அதே கரையில் உள்ள ஆதிதிராவிடர் மட்டும், அதே தேவாலயத்துக்குப் போனால், பட்டியலிலிருந்து நீங்கிப் பிற்படுத்தப்பட்டவர் ஆகிறார். மூன்று பேர், ஒரே மதம். தண்டனை ஒருவருக்கு மட்டும்.

மதம் மாறினால் சாதி போய்விடுகிறது என்பது சட்டத்தின் நம்பிக்கை. பழவேற்காட்டு ஏரியில் எங்கே, எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்று பிரித்துத் தரும் 'பாடு' முறை சாதியையும் குடும்பத்தையும் பார்த்து வந்தது. ஒருவர் எந்தக் கடவுளைக் கும்பிடுகிறார் என்பதால் அவருக்குப் பாடு கிடைத்துவிடாது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்த பிறகும் பிரித்து வைக்கும் சுவர் இருப்பது ஊரறிந்த செய்தி. இறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டுப் போராடியதும், 2008இல் அங்கே கலவரமும் துப்பாக்கிச் சூடும் நடந்ததும் உங்களுக்குத் தெரியும். ஞானஸ்நானத் தண்ணீரில் சாதி கரையவில்லை.

உச்ச நீதிமன்றத்துக்குப் போன சூசை வழக்கை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். சூசை சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்தவர். அந்தத் தொழில் செய்த இந்து ஆதிதிராவிடர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. கிறிஸ்தவர் என்பதால் சூசைக்கு இல்லை. தொழில் ஒன்று, சாதி ஒன்று, வெயில் ஒன்று. மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985இல் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. இழிவைச் சுமக்கிறவனே அதை அளந்தும் காட்ட வேண்டுமாம்.

தமிழ்நாடு அரசு கல்வி உதவித்தொகையில் கிறிஸ்தவ ஆதிதிராவிடர்களையும் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் பட்டியல் சாதி இடஒதுக்கீடு, தனித் தொகுதி, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஆகியவை அவர்களுக்கு இல்லை. சாதிப் பெயர் சொல்லித் திட்டுகிறவன் சிலுவையைப் பார்த்து நிறுத்துவதில்லை. புகார் கொடுக்கப் போனால் காவல் நிலையத்தில் சிலுவையைப் பார்க்கிறார்கள். இன்னொன்று: மதம் மாறியவர் இந்து மதத்துக்குத் திரும்பி, அவரது சாதியார் ஏற்றுக்கொண்டால், பட்டியல் உரிமை திரும்பக் கிடைக்கும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் கூறியது. போனால் பறிப்பு, வந்தால் பரிசு. கட்டாய மதமாற்றம் பற்றிக் கவலைப்படுவோர் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

நமக்குள் ஒரு பயம் இருக்கிறது. 18 விழுக்காட்டில் இன்னும் எத்தனை பேர் பங்கு கேட்பார்கள் என்று நம் இளைஞர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அவர்கள் வரும்போது அவர்களது எண்ணிக்கைக்குரிய இடங்களும் பிற்படுத்தப்பட்டோர் பங்கிலிருந்து கூடவே வர வேண்டும் என்று நாம் சேர்ந்தே கேட்க வேண்டும். ஒரு தட்டுச் சோற்றை இரண்டாகப் பங்கிடச் சொன்னால், அதைச் சொன்னவன் தட்டையும் பார்க்க வேண்டும். நம் சண்டை பக்கத்து வீட்டுத் தலித்தோடு இல்லை.

மூன்றாம் பத்தியை நீக்கச் சொல்லி 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்து, அதன் காலத்தை நீட்டித்துக்கொண்டே போனது. 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் தகுதி கேட்டுத் தீர்மானம் போட்டது. காகிதங்கள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். 1931க்குப் பிறகு முதன்முறையாக எல்லாச் சாதிகளையும் அதில் எண்ணப்போகிறார்கள். வீட்டுக்கு வரும் கணக்கெடுப்பாளர் பெரும்பாலும் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியராக இருப்பார். நம் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழைப் பார்த்தவராகவும் இருக்கலாம். அவர் முன்னால், ஞாயிறுதோறும் ஜெபத்துக்குப் போகும் ஒரு தாய் 'இந்து' என்று சொன்னால் அவரைப் பொய் சொல்கிறவர் என்று யாரும் ஏச வேண்டாம். தன் பிள்ளையின் சான்றிதழைக் காப்பாற்றுகிறார். அந்தப் பொய்யை அவர் வாயில் வைத்தது 1950ஆம் ஆண்டின் ஆணை.

அதே நேரத்தில் ஒரு செய்தியை வீடுவீடாகக் கொண்டுபோங்கள். 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம் 15ஆம் பிரிவின்படி, நாம் தரும் பதிலை யாரும் எடுத்துப் பார்க்க உரிமை இல்லை. அதை ஆதாரமாக வைத்து ஒருவரது சான்றிதழுக்கு எதிராக வழக்காட முடியாது. எந்த மதத்தைச் சொல்வது என்பது அவரவர் விருப்பம். அதில் நாம் தலையிடக் கூடாது. ஆனால் மதம் எதுவானாலும் சாதிப் பெயரை விடாமல் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மதம் மாறிய தலித்துகள் எத்தனை பேர் என்பதை அரசின் ஏடே சொல்லட்டும். ஆதாரம் போதாது என்று 1985இல் சொன்ன பதிலை இனி எந்த நீதிமன்றமும் சொல்ல முடியாதபடி செய்வோம்.

பண்டிதர் கேட்டது, தம்மை யார் என்று தாமே சொல்லும் உரிமை. அப்படிச் சொல்வதற்காக ஒரு தலித் குடும்பம் எதையும் இழக்கக் கூடாது. மூன்றாம் பத்தி நீக்கப்படும் வரை இதைக் கேட்டுக்கொண்டே இருப்போம்.