பிரிவு பிளவு அன்று!

(நாகூரில் ஆற்றிய உரை)



பிரிவு என்றாலே பிளவு என்று எண்ணிப் பழகிவிட்டோம். படையிலே அதன் பொருள் வேறு. பத்துப் பேர் ஒரு செக்‌ஷன். மூன்று செக்‌ஷன் ஒரு பிளாட்டூன். மூன்று பிளாட்டூன் ஒரு கம்பெனி. நான்கு கம்பெனியும் துணைப் பிரிவுகளும் சேர்ந்தால், ஏறத்தாழ 800 வீரர் கொண்ட பட்டாலியன். மூன்று பட்டாலியன் ஒரு பிரிகேட். மூன்று பிரிகேட் ஒரு டிவிஷன்.

ஏன் இந்த ஏற்பாடு? பல்லாயிரவரை ஒருவன் நேராக நடத்த முடியாது. மூவரை, நால்வரை நடத்தலாம். காவிரி ஆறாய், வாய்க்காலாய்ப் பிரிவதால்தானே கடைமடைக்கும் நீர் வருகிறது? கட்டளையும் அப்படித்தான் கடைசி வீரனை அடைகிறது.

இந்த ஏணியிலே வெள்ளையன் சாதியையும் மதத்தையும் புகுத்தினான். பல பட்டாலியன்களில் கம்பெனிக்கு ஒரு வகுப்பு. வகுப்புக்கு ஓர் அடுப்பு!

தெலுக் ஆயர் தெருவிலே நாகூர் தர்கா நிற்கும் சிங்கப்பூர் நமக்கு அயலூர் அன்று. அங்கே 1943இல் நேதாஜி தலைமையேற்ற இந்திய தேசிய ராணுவம் அந்த அடுப்புகளை ஒன்றாக்கியது. பிரிகேடுகளுக்குக் காந்தி, ஆசாத், நேரு என்று பெயர். முதல் டிவிஷனின் தளபதி முகம்மது சமான் கியானி. மலேயாத் தோட்டத் தமிழரும் பஞ்சாபியரும் ஒரே பந்தியில் உண்டனர். 1945 நவம்பரில் செங்கோட்டை வழக்கிலே ஷா நவாஸ் கான், சைகல், தில்லான் – முஸ்லிம், இந்து, சீக்கியர் – மூவரும் ஒருங்கே நின்றனர்.

வேலைக்காகப் பிரிந்த படை ஒன்றாக நிற்கும். பிறப்பால் பிரிந்த நாடு நிற்குமா? எண்ணிப் பாருங்கள்!