சிவப்புப் பட்டியும் நம் சம்பளத் துண்டும்

(பூநகரி கிளையின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2024 மே முதலாம் திகதி இரவு நம்மில் பலர் ரீவிக்கு முன்னால்தான் இருந்தோம். கொட்டகலை மேதினக் கூட்டத்தில் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க, தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,700 ரூபா என்று அறிவித்தார். அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வந்தது. கீழே சிவப்புப் பட்டியிலும் அதுவே ஓடியது. விடிந்ததும் தென்னந்தோட்டத்தில் ஒரே கதை: "எங்களுக்கும் கூடிட்டுது." அதை நம்பிச் சிலர் கடையில் கடனும் சொன்னோம்.

நமக்குக் கூடவில்லை. அந்த வர்த்தமானி தேயிலைக்கும் இறப்பருக்கும் உரியது. தென்னை அதில் இல்லை. மலையகத்தில் உள்ள நம் சொந்தங்களுக்கும் அது சொன்னபடி கிடைக்கவில்லை. கம்பனிகள் நீதிமன்றம் போயின. யூலையில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என்று புதிய வர்த்தமானி வந்தது.

ரீவி பொய் சொல்லவில்லை. அறிவிப்பு நடந்தது உண்மை. யாருக்கு, எப்போதிருந்து, எந்தச் சட்டப்படி என்று நாம் கேட்கவில்லை. கேட்க முன்னம் அடுத்த செய்தி வந்துவிட்டது.

1980 யூன் 1இல் அமெரிக்காவில் சிஎன்என் தொடங்கியபோது 24 மணிநேர ரீவிச் செய்தி பிறந்தது. நாள் முழுக்கச் சொல்ல அவ்வளவு செய்தி எங்கே இருக்கிறது? ஆகவே உள்ளதையே திருப்பித் திருப்பிப் போடுகிறார்கள். மிச்ச நேரத்தை ஊகத்தாலும் வாய்ச்சண்டையாலும் நிரப்புகிறார்கள். பத்துத் தரம் காதில் விழுந்தது, நாமே விசாரித்து அறிந்தது போலாகிவிடுகிறது.

வன்னியில் மின்சாரம் இல்லாத காலத்தை நினைத்துப் பாருங்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பிள்ளைகள் நாங்கள் முறைவைத்துப் பெடலைச் சுற்ற, டைனமோ மின்னில் பிபிசி தமிழோசை கேட்டோம். அரை மணித்தியாலம்தான். றேடியோ நின்ற பிறகுதான் முற்றத்தில் கதை தொடங்கும். ஐயா ஒன்று சொல்வார், சித்தப்பா மறுப்பார். பள்ளிக்கூடம் போகாத அம்மம்மா, "இதை ஏன் இப்ப சொல்லுறாங்கள்?" என்று கேட்பா. அந்தக் கேள்விதான் சொந்தப் புத்தி. இன்று ரீவி நிற்பதே இல்லை. அம்மம்மாமார் வாய் திறக்க நேரம் எங்கே?

வகுப்பில் பிள்ளைகளைக் கேட்டோம். சென்னைத் தலைவர்களின் சண்டை எல்லோருக்கும் மனப்பாடம். பூநகரி பிரதேச சபை எப்போது கூடும் என்று ஒருவருக்கும் தெரியாது. பிள்ளைகளில் பிழையில்லை. அவர்கள் நம்மோடு இருந்துதான் பார்க்கிறார்கள்.

ரீவியை விற்கச் சொல்லவில்லை. இராச்சாப்பாட்டு நேரத்தில் ஒரு மணித்தியாலம் நிறுத்துவோம். கேட்ட செய்தியைப் பற்றி வீட்டில் மூன்று கேள்வி கேட்போம்: சொன்னது யார்? இதனால் யாருக்கு இலாபம்? எழுத்தில் எங்கே இருக்கிறது?

அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் சம்பளத் துண்டைக் கொண்டு வாருங்கள். தென்னைத் தொழிலாளருக்குச் சட்டப்படி உரிய சம்பளம் எவ்வளவு என்பதைத் தொழில் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குவோம். இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சேர்ந்து வாசிப்போம். அந்தச் செய்தியை எந்த ரீவியும் நமக்காகச் சொல்லப்போவதில்லை.