கீசர் போட்டால் விளக்கு மங்குகிறதா? மீட்டரில் இரண்டு எண்களைப் பாருங்கள்

(ஸ்ரீரங்கத்தில் மின் நுகர்வோரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மார்கழி மாதம் விடியற்காலை நாலரை மணிக்கு நம்ம ஸ்ரீரங்கத்தில் தூங்குகிற வீடு குறைவு. கோயிலுக்குக் கிளம்புகிறவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கீசரைப் போடுகிறார்கள். கூடத்து விளக்கு மங்குகிறது. மின்வாரியத்துக்குப் போன் செய்கிறோம். ஆள் வருவதற்குள் பொழுது விடிந்து, கீசரையும் அணைத்துவிடுகிறோம். வந்தவர் பார்த்துவிட்டு, "வோல்டேஜ் சரியாத்தானே இருக்கு சார்" என்கிறார். நீங்கள் சொன்னதும் உண்மை, அவர் சொல்வதும் உண்மை. கையில் கணக்கு இல்லை, அதுதான் சிக்கல்.

உங்கள் வீட்டு டிஜிட்டல் மீட்டரை நின்று பாருங்கள். யூனிட் மட்டும் காட்டுவதில்லை. பல மீட்டர்களில் பொத்தானை அழுத்தினால் மின்னழுத்தம் எத்தனை வோல்ட், மின்னோட்டம் எத்தனை ஆம்பியர் என்று வரிசையாக வரும். இந்த இரண்டு எண் போதும். பெருக்கினால் மின்திறன், வாட்டில் கிடைக்கும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, ஓமில் கிடைக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் சொல்லிவிடும்.

கீசரில் 230 வோல்ட், 2000 வாட் என்று எழுதியிருக்கும். 2000ஐ 230ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர். 230ஐ 8.7ஆல் வகுத்தால் 26.4 ஓம். இந்த 26.4 ஓம் கம்பிச் சுருளின் குணம். வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் அது ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். இப்போது 205 வோல்ட்தான் வருகிறது என்றால்? 205ஐ 26.4ஆல் வகுத்தால் 7.8 ஆம்பியர். 205ஐ 7.8ஆல் பெருக்கினால் 1600 வாட். வோல்டேஜ் பத்தில் ஒரு பங்குதான் குறைந்தது, சூடு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. கால் மணியில் காய்ந்த தண்ணீர் 19 நிமிடம் எடுக்கும். "வோல்டேஜ் கம்மின்னா பில்லும் கம்மியா வருமா?" என்று ஒரு மாமி கேட்டார். வராது. அதே தண்ணீருக்கு அதே யூனிட்தான் ஆகும், காத்திருப்பது மட்டும் கூடும்.

கீசர், இஸ்திரிப் பெட்டி மாதிரி சூடு தருகிற சாமான்களுக்கு இந்தப் பெருக்கல் சரியாக வரும். ஃபேன், ஃபிரிட்ஜ், தண்ணி மோட்டாருக்குப் பெருக்கி வருகிற எண்ணை விட உண்மையான வாட் சற்றுக் குறைவாக இருக்கும். அது வேறு கதை.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கீசர் போட்டால் விளக்கு மங்கும். பக்கத்து வீட்டில் மங்காது. ஒருநாள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தேன், 228 வோல்ட். கீசரை மட்டும் போட்டேன், 205 வோல்ட், 7.8 ஆம்பியர். 23 வோல்ட் எங்கே போச்சு? 23ஐ 7.8ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3 ஓம். அதாவது, மீட்டருக்கு முன்னால் எங்கேயோ 3 ஓம் மின்தடை உட்கார்ந்திருக்கிறது. நல்ல இணைப்பில் இந்த இறக்கம் சில வோல்ட்டுக்குள் அடங்கிவிடும்.

அதைவிடப் பயமுறுத்துவது அடுத்த பெருக்கல். 23ஐ 7.8ஆல் பெருக்குங்கள், 180 வாட் வரும். மூன்று 60 வாட் குண்டு பல்பின் சூடு, விரல் நுனி அளவு ஜாயின்ட்டில்! சர்வீஸ் ஒயர் இணைப்பு தளர்ந்து, மேல் உறை கருகிப்போயிருந்தது. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. வாரிய ஊழியர் புதிதாக இணைப்புப் போட்ட பிறகு, கீசர் போட்டால் 4 வோல்ட்தான் இறங்குகிறது.

எனவே இப்படிப் பாருங்கள். எல்லாவற்றையும் அணைத்திருக்கும்போதே மீட்டரில் வோல்டேஜ் குறைவு, பக்கத்து வீட்டிலும் அப்படியே என்றால், லைனிலோ டிரான்ஸ்ஃபார்மரிலோ பளு அதிகம். அணைத்திருக்கும்போது சரி, கீசர் போட்டதும் மீட்டரிலேயே சரிகிறது, பக்கத்து வீட்டில் சரியவில்லை என்றால், உங்கள் சர்வீஸ் இணைப்பைச் சந்தேகியுங்கள். இந்த இரண்டும் வாரியத்தின் வேலை. மீட்டரில் சரியாக இருக்கிறது, பிளக் பாயின்ட்டில் மட்டும் குறைகிறது என்றால், கோளாறு உங்கள் வீட்டு ஒயரிங்கில். உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கூப்பிட்டு மல்டிமீட்டரால் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களாக மீட்டர் சீலையோ சர்வீஸ் ஒயரையோ தொடவே கூடாது. மீட்டரில் பொத்தானை அழுத்துவதோடு சரி.

இன்னொன்று. ஒரு வீட்டில் விளக்கு மங்கி, இன்னொரு வீட்டில் கண்ணைக் கூசுகிற மாதிரி எரிந்தால், நியூட்ரல் விடுபட்டிருக்கலாம். கணக்கெல்லாம் அப்புறம். முதலில் மெயினை அணைத்துவிட்டுப் போன் செய்யுங்கள்.

வீட்டு இணைப்புக்கு 230 வோல்ட், அதில் 6 சதவீதம் கூடக் குறைய அனுமதி உண்டு. 216லிருந்து 244 வரை. அதற்கு வெளியே போனால் தாராளமாகப் புகார் சொல்லலாம். மின்னகம் எண் 94987 94987, 24 மணி நேரமும் எடுப்பார்கள். "கரண்ட் டல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். "காலை 4.30 மணி, எல்லாம் அணைத்தால் 228, கீசர் போட்டால் 205 வோல்ட், 7.8 ஆம்பியர், பக்கத்து வீட்டில் சரியாக இருக்கிறது" என்று உங்கள் மின் இணைப்பு எண்ணோடு சேர்த்துச் சொல்லுங்கள். புகார் எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வருகிற ஊழியர் முதலில் எந்த ஜாயின்ட்டைப் பார்க்க வேண்டும் என்பது அந்த ஒரு வரியிலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.