அணுக் கழிவும் ஊர்ச் சம்மதமும்

(காரைக்கால் கோவில்பத்தில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கூட்டம் துவங்குமுன் பெரியவர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டார். “கூடங்குளம் எங்கேயோ தென்கோடியில் கிடக்கிறது. நமக்குக் கூலிப் பிரச்னை இருக்கிறது, வாய்க்காலில் தண்ணீர் இல்லாத பிரச்னை இருக்கிறது. அணுக் கழிவைப் பற்றி இங்கே எதற்குப் பேச வேண்டும்?” என்றார். நியாயமான கேள்வி. பதிலை அவருக்கு மட்டும் சொல்வதைவிட எல்லோருக்கும் சொல்லிவிடலாம் என்று நினைத்தோம்.

முதலில் ஒரு கணக்கு. கூடங்குளத்தில் இப்போது ஓடும் இரண்டு உலைகளின் சக்தி 2000 மெகாவாட். அதில் புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்கென்று ஒதுக்கப்பட்டது 67 மெகாவாட். காரைக்காலும் அந்தப் பிரதேசத்தில்தான் இருக்கிறது. ஆக, இந்த மேடையில் எரிகிற விளக்கில் ஒரு துளி அங்கிருந்து வந்ததாகவும் இருக்கலாம். வெளிச்சம் கம்பி வழியாக நம்மிடம் வந்துவிடுகிறது. எரிந்த கழிவோ இடிந்தகரைக்காரன் வீட்டுப் பக்கத்திலேயே தங்கிவிடுகிறது. அனுபவிப்பதில் பங்கு உண்டு, விவகாரத்தில் பங்கு இல்லை என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியுமா?

அடுத்து, கழிவு என்றால் என்ன? நாங்கள் விஞ்ஞானிகள் அல்ல, மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவர்கள். ஆயினும் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம். அரிசி ஆலையில் உமியை எரித்தால் சாம்பல் மிஞ்சும். அதை வயலில் கொட்டலாம், பாத்திரமும் துலக்கலாம். அணு உலையில் யுரேனியக் குச்சிகளைச் சில வருஷங்கள் எரித்துவிட்டு வெளியே எடுத்தால், போட்டபோது இருந்ததைவிடப் பல மடங்கு கொடியதாக அது வெளிவருகிறது. பக்கத்தில் போக முடியாது. வருஷக்கணக்கில் நீர்த்தொட்டியில் அமிழ்த்திக் குளிர வைக்க வேண்டும். அதில் புளுட்டோனியம் என்ற பொருள் இருக்கிறது. அதன் கதிர்வீச்சு பாதியாகக் குறைவதற்கே சுமார் 24,000 ஆண்டுகள் செல்லும். நம் காவிரியில் கல்லணை கட்டி ஏறத்தாழ 2000 ஆண்டு என்கிறார்கள். அப்படிப் பன்னிரண்டு கல்லணைக் காலம் போனாலும் பாதி விஷம் மிச்சம்! இதைப் பத்திரப்படுத்தும் பொறுப்பை எந்த மந்திரி எத்தனை வருஷத்துக்கு ஏற்கப் போகிறார்?

இனி, ஜனங்களின் அபிப்பிராயத்தை எப்போது, எப்படிக் கேட்டார்கள் என்று பார்ப்போம்.

1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் கூடங்குளம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். எரிந்த எரிபொருளை சோவியத் நாடே திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பதுதான் அப்போதைய ஏற்பாடு. பிற்பாடு அது மாறியது. கழிவு இந்தியாவிலேயே இருக்கும் என்றாயிற்று. மாற்றும்போது கடற்கரைக் கிராமங்களில் ஒரு குடிசையிலாவது கேட்டதுண்டா? கிடையாது. ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சோவியத் நாடு தந்த உலை என்பதால் அன்று நம்மில் பலர் கேள்வி கேட்கவே தயங்கினோம். அது தவறு. உலை எந்த நாட்டிலிருந்து வந்தாலும் அதன் பக்கத்தில் வாழ்பவன் கேள்வி கேட்டே தீருவான். 1989 மே முதல் தேதி கன்னியாகுமரியில் மீனவர்கள் ஊர்வலமாகச் சென்று கேட்டார்கள். போலீஸ் துப்பாக்கிதான் பதில் சொன்னது.

முதல் இரண்டு உலைகளுக்கு 1989-லேயே சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டார்கள். பொதுமக்கள் விசாரணை என்ற விதி சட்டத்தில் நுழையாத காலம் அது. ஆகவே அந்த உலைகளுக்கு விசாரணையே நடக்கவில்லை. 2011-ல் ஜப்பானில் புக்குஷிமா உலைகள் வெடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகு இடிந்தகரை ஜனங்கள் மாதா கோயில் பந்தலில் உட்கார்ந்தார்கள். 2004 டிசம்பர் 26-ம் தேதி கடல் பொங்கியதை அவர்களும் பார்த்தவர்கள், நாமும் பார்த்தவர்கள். கிளிஞ்சல்மேட்டிலும் காரைக்கால்மேட்டிலும் நடந்ததை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அதே நாளில் கல்பாக்கம் அணு நிலையத்தின் பம்பு அறைக்குள்ளும் கடல் நீர் புகுந்தது. உலையைப் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள், மெய்தான். அங்கே வேலையிலிருந்தவர்களின் நிதானத்தைப் பாராட்ட வேண்டும். ஆனால், “கடல் இங்கெல்லாம் வராது” என்று இனி யாரும் மீனவனிடம் சொல்ல முடியாது.

இடிந்தகரைக்கு என்ன கிடைத்தது? ஆயிரக்கணக்கானோர் மீது வழக்கு, அதில் ராஜத்துரோக வழக்கும் உண்டு. 2012 செப்டம்பர் 10-ம் தேதி கடற்கரையில் தடியடி, கண்ணீர்ப் புகை. அன்றே மணப்பாட்டில் போலீஸ் சுட்டதில் ஒரு மீனவர் மாண்டார். அதே வருஷம் சுற்றுவட்டாரத்துக்கு 500 கோடி ரூபாய் அபிவிருத்தித் திட்டம் என்று மாநில சர்க்கார் அறிவித்தது. ரோடு வேண்டும், ஆஸ்பத்திரி வேண்டும், யார் மறுத்தார்கள்? ஆனால் அவை குடிமகனுக்கு எப்படியும் சேர வேண்டியவை. சம்மதத்துக்கு விலையாக அவற்றை நீட்டுவது, கூலி பாக்கியைக் கொடுத்துவிட்டு இனாம் கொடுத்ததாகப் பறைசாற்றும் மிராசுதாரர் காரியம்.

அந்நாளில் மத்திய சர்க்கார் சார்பில் கூடங்குளத்துக்காகப் பேசிய மந்திரி வேறு யாருமல்ல. நாம் ஓட்டுப் போடும் புதுச்சேரித் தொகுதியின் பார்லிமெண்டு அங்கத்தினர் நாராயணசாமி. சில வாரங்களில் உலை ஓடும் என்று அவர் நாள் குறித்துக்கொண்டே இருந்ததை ஊரே பரிகசித்தது. நாம் அவரிடம் போய்க் கேட்டோமா? “உங்களை அனுப்பியவர்கள் நாங்கள், கழிவை எங்கே வைப்பீர்கள்?” என்று ஒரு மகஜராவது கொடுத்தோமா? இல்லை. சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

2013 மே 6-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. உலை ஓடலாம், ஆனால் எரிந்த எரிபொருளை உலைக்கு வெளியே வைக்கும் கிடங்கை ஐந்து வருஷத்தில் கட்ட வேண்டும், நிரந்தரமாகப் பூமிக்கடியில் வைக்கும் இடத்தையும் தேட வேண்டும் என்றது. ஐந்து வருஷம் ஓடியது, கிடங்கு வரவில்லை. 2018-ல் வாய்தா கேட்டு 2022 ஏப்ரல் வரை நீட்டிப்பு வாங்கினார்கள். 2019 ஜூலை 10-ம் தேதி ராதாபுரத்தில் கிடங்குக்கான பொதுமக்கள் விசாரணை என்று நோட்டீஸ் வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் தேதி குறிக்காமல் ஒத்திப் போட்டார்கள். 2022 பிப்ரவரியில் தமிழ்நாட்டு முதலமைச்சர் ஸ்டாலின், கழிவை ருஷ்யாவுக்கே அனுப்புங்கள் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஒரு மாநிலத்தின் முதலமைச்சரே கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டிய நிலை என்றால், களை பறிக்கும் பெண்ணின் நிலை என்ன? அணுசக்தி முழுவதும் மத்திய சர்க்காரின் அதிகாரம் என்று அரசியல் சட்டத்தில் எழுதியிருக்கிறது. அதன் விளைவு இது.

நிரந்தர இடம் தேடிய கதை இன்னும் வேடிக்கை. 2012 நவம்பரில், கோலார் தங்க வயலின் கைவிட்ட சுரங்கம் பற்றிய பேச்சு சுப்ரீம் கோர்ட்டில் வெளிப்பட்டது. அந்தச் சுரங்கத்தில் தலைமுறை தலைமுறையாகப் பாறை உடைத்தவர்கள் யார்? வட ஆற்காட்டிலிருந்தும் மற்ற ஜில்லாக்களிலிருந்தும் பிழைக்கப் போன நம் தமிழ்த் தொழிலாளிகள். 2001-ல் சுரங்கத்தை மூடி வேலையைப் பறித்தார்கள். பிறகு அதே குழிக்குள் அணுக் கழிவா என்று கோலார் கொதித்து எழுந்தது. உடனே, அப்படி ஒரு திட்டமே இல்லை என்று மத்திய சர்க்கார் பின்வாங்கியது. அந்த ஊரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சர்க்கார் முடிவெடுக்கவில்லை. ஊர் தெருவுக்கு வந்த பிறகுதான் கேட்க வேண்டியிருந்தது.

ஆலைத் தோழர்கள் கல்பாக்கம் விஷயத்தைக் கவனமாகக் கேளுங்கள். 2003 ஜனவரியில் அங்குள்ள எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலையில் ஒரு வால்வு பழுதாயிற்று. வீரியம் மிகுந்த கழிவு, வீரியம் குறைந்த கழிவுத் தொட்டிக்குள் இறங்கிவிட்டது. அந்த இடத்தில் கதிர்வீச்சை அளந்து எச்சரிக்கும் கருவி கிடையாது. ஆறு ஊழியர்கள் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். மாதங்கள் கழிந்துதான் வெளியுலகுக்கு விவரம் வந்தது. பாதுகாப்புக் கோரிக்கையை எழுப்பிப் போராடியது ஊழியர் சங்கம். கார்டிங் மிஷினுக்கு மூடி போடச் சொல்லி நீங்கள் கேட்கிறீர்களே, அதே கேள்விதான். ஆலைக்குள் தொழிலாளி வாய் திறக்க முடியாத இடத்தில், மதிலுக்கு வெளியே உள்ள ஊருக்கு உண்மை எப்படித் தெரியும்?

“விஞ்ஞான விஷயத்தைப் பாமரனிடம் எப்படிக் கேட்பது?” என்று படித்தவர்கள் சொல்வதுண்டு. பின்லாந்து என்ற நாட்டைப் பாருங்கள். அங்கே பாறைக்கடியில் கழிவைப் புதைக்க யூரயோக்கி என்ற சிற்றூரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஊர்க் கவுன்சில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சட்டம் அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. 2000-ம் ஆண்டு கவுன்சிலில் ஓட்டெடுத்தார்கள். இருபது பேர் சரி என்றார்கள், ஏழு பேர் கூடாது என்றார்கள். அதன் பிறகே, 2001-ல் பார்லிமெண்டு சம்மதித்தது. அமெரிக்காவில் நேர்மாறு. நெவாடா மாநிலத்து யுக்கா மலையை 1987-ல் மத்திய சட்டசபையே பார்த்துத் திணித்தது. 2002-ல் மாநில கவர்னர் மறுத்தார், மறுப்பையும் தள்ளினார்கள். கோடிக் கோடியாகக் கொட்டியும் அந்த மலைக்குள் கழிவு போய்ச் சேரவில்லை. பிற்பாடு பணத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. ஊரைக் கேட்டால் காலதாமதம் என்கிறார்களே, கேட்காத இடத்துக் காலதாமதம் எவ்வளவு?

நம் தேசத்திலோ இருக்கும் கொஞ்ச வாசலையும் அடைக்கிறார்கள். 2006-ம் ஆண்டு விதிப்படி விசாரணைக்கு முப்பது நாள் நோட்டீஸ் வேண்டும், சுருக்கமாவது தாய்மொழியில் வேண்டும். 2020 ஜனவரியில் எண்ணெய், எரிவாயு தேடும் கிணறுகளுக்குப் பொதுமக்கள் விசாரணை தேவையில்லை என்று உத்தரவு போட்டார்கள். இது கூடங்குளத்துச் சமாசாரமல்ல; நம் வயலுக்கு அடியில் குழாய் இறக்கும் சமாசாரம். அடுத்த மாதமே தமிழ்நாடு டெல்டா பாதுகாப்பு மண்டலச் சட்டம் செய்தது. நாகைக்கு உண்டு, திருவாரூருக்கு உண்டு. நடுவிலே கிடக்கும் காரைக்கால் வேறு பிரதேசம் என்பதால் அந்தச் சட்டம் நமக்கில்லை. 2025 செப்டம்பரில் அணுக் கனிமச் சுரங்கங்களுக்கும் மக்கள் கருத்துக் கேட்க வேண்டாம் என்றாகிவிட்டது. கடற்கரை மணல் அள்ளும் கன்னியாகுமரி ஜில்லாக்காரர்கள் வயிற்றில் நெருப்பு. அதே வருஷம் டிசம்பரில் 1962-ம் வருஷத்து அணுசக்திச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டத்தை ஒரே வாரத்தில் பார்லிமெண்டில் நிறைவேற்றினார்கள். இனித் தனியார் கம்பெனியும் உலை நடத்தலாம். ஆனால் வீரியம் மிகுந்த கழிவின் பொறுப்பு மத்திய சர்க்காருக்கு. அரிசி முதலாளிக்கு, சாம்பல் ஊருக்கு!

பெரியவரின் கேள்விக்கு இப்போது வருகிறோம். பின்லாந்துச் சிற்றூரில் இருபத்தேழு பேர் உட்கார்ந்து ஓட்டுப் போட்டார்கள் என்றோமே, நம் ஊரில் எத்தனை பேர் உட்கார முடியும்? புதுச்சேரியில் 1968-ல் ஒரு தடவை, பிறகு முப்பத்தெட்டு வருஷம் கழித்து 2006-ல் ஒரு தடவை நகராட்சிக்கும் கொம்யூன் பஞ்சாயத்துக்கும் தேர்தல் நடந்தது. 2011-ல் அந்த அங்கத்தினர்களின் காலம் முடிந்தது. அதன்பின் வருஷக்கணக்காக அதிகாரி ராஜ்யம். நாளை இந்தக் கரையில் உலையோ, கிடங்கோ, கிணறோ எது வந்தாலும், வேண்டும் அல்லது வேண்டாம் என்று ஊர் சார்பில் கை தூக்க ஒரு கவுன்சில் நாற்காலி இல்லாமல் வைத்திருந்தார்கள். ஆகவேதான் கூலிக் கோரிக்கையோடு இதையும் சேர்க்கிறோம். அணு மின்சாரமே கூடாதென்பாரும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள், வேண்டுமென்பாரும் இருக்கிறார்கள். அந்தத் தர்க்கத்தை நடத்தவாவது ஊருக்கு ஒரு சபை வேண்டாமா?

தீர்மானத்தில் மூன்று விஷயம் எழுதியிருக்கிறோம். உள்ளாட்சித் தேர்தலைக் காலந்தவறாமல் நடத்த வேண்டும். கழிவுக் கிடங்கு, கிணறு எதுவானாலும் அறிக்கை முழுவதையும், சுருக்கத்தை மட்டுமல்ல, தமிழில் தர வேண்டும். ஊர்ச் சபை மறுத்தால் அந்த மறுப்பு செல்லுபடியாக வேண்டும். தோழர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பார்வதீஸ்வரர் கோயில் தெருவிலிருந்து வீடு வீடாகக் கையெழுத்து வாங்க வருகிறார்கள். இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் தூங்கப் போகுமுன் போட்டுவிடலாம். வெளியூர் நடவுக்குப் போகும் தாய்மார்களுக்காகச் சனிக்கிழமை மாலையே இந்தப் பந்தலில் ஒரு நோட்டு வைக்கிறோம். கையெழுத்துத் தெரியாதவர்களுக்கு மையும் இருக்கும்.