பூண்டுச் சாதமும் கம்பளி சாக்ஸும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் மேல்மலைக் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



"நீங்க ஜெயிச்ச கதையைச் சொல்லுங்க" என்று என்னைக் கூப்பிட்டார்கள். எங்க குழுவில் ஜெயிச்ச கதை பாதி, தோத்த கதை பாதி. ரெண்டையும் சொன்னால்தான் கணக்கு நேராகும். அதனால ரெண்டையும் சொல்றேன்.

நாங்கள் கொடைக்கானல் மேல்மலைக்காரர்கள். மன்னவனூர், பூம்பாறை, கவுஞ்சி என்று சொன்னால் உங்களுக்குத் தெரியும். எங்கள் காட்டில் விளைவது மலைப்பூண்டு. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கீழே தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் இறங்கினால் நல்ல மிளகு. இந்தப் பூண்டும் அந்த மிளகும் சேர்ந்ததுதான் எங்க வீட்டுக் காரச் சாதம். குளிருக்கு அதை மிஞ்சினது இல்லை.

செய்முறையைக் கேட்டு நிறைய பேர் போன் பண்றீங்க. இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஆழாக்கு அரிசியை உதிரியாக வடித்து, தாம்பாளத்தில் பரப்பி, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு ஆறவிடணும். எங்க ஊர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதிச்சிடும். அதனால பானையில் வடித்தால் சோறு வேக நேரமாகும். கீழே இருந்து வாக்கப்பட்டு வந்த பொண்ணுங்க முதல் வாரம் அரைவேக்காட்டுச் சோறு ஆக்கி அழுததெல்லாம் உண்டு! பிறகு 6 வரமிளகாய், ஒரு டீஸ்பூன் மிளகு, அரை டீஸ்பூன் சீரகம், ஒரு ஸ்பூன் உளுத்தம்பருப்பு, இவற்றை வெறும் சட்டியில் வறுத்துக் கொரகொரப்பாகப் பொடிக்கணும். 15 பல் பூண்டைத் தட்டி, நல்லெண்ணெயில் சிறு தீயில் பொன்னிறமாகும் வரை வதக்கி, கறிவேப்பிலை, உப்பு, பொடி போட்டு, அடுப்பை அணைச்சுட்டுச் சோற்றைக் கொட்டிக் கிளறணும். தீ அதிகமானால் பூண்டு கசந்துவிடும். அவ்வளவுதான்.

இந்தச் சாதத்தைச் சுற்றுலா வந்தவங்க சாப்பிட்டுவிட்டு, "இதை பாட்டில்ல போட்டுத் தர முடியுமா?" என்று கேட்டார்கள். எனக்கு ஆசை வந்துவிட்டது. பூண்டை எண்ணெயில் வதக்கித் தொக்கு மாதிரி செய்து, குழுப் பணத்தில் 60 பாட்டில் போட்டேன். ஒரு பாட்டில் 80 ரூபாய். அன்றைக்கு அவசரம். பூண்டு ஈரம் முழுசாகச் சுண்டுவதற்கு முன்னாலேயே இறக்கிவிட்டேன். எங்க குளிரில் ஒரு வாரம் ஒண்ணும் ஆகவில்லை. திண்டுக்கல் வெயிலுக்கு இறங்கினதும் மூடியைத் தள்ளிக்கொண்டு நுரை பொங்கிவிட்டது. 22 பாட்டில் திரும்பி வந்தது. மிச்சத்தையும் நாங்களே கேட்டு வாங்கிக் குழி தோண்டிக் கொட்டினோம். 4,800 ரூபாய் மண்ணுக்குள்ள போச்சு.

பிறகு பயிற்சிக்கு வந்த அதிகாரி அம்மா சொல்லித்தான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. பூண்டு மண்ணுக்குள் விளையும் பொருள். மண்ணில் இருக்கும் ஒரு வகைக் கிருமி, காற்று புகாத எண்ணெய்க்குள்ளே ஈரத்தோடு இருந்தால் வளர்ந்து விஷத்தை உண்டாக்கும். நுரையாவது கண்ணுக்குத் தெரிந்தது. அந்த விஷம் நிறத்திலும் வாசனையிலும் தெரியாமலே இருக்கலாம், உயிரையே வாங்கலாம் என்றார்கள். எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. நல்ல வேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கு நாங்கள் எண்ணெயில் போட்டு விற்பதே இல்லை. பூண்டை மெல்லிசாகச் சீவி, ஈரமே இல்லாமல் மொறுமொறுப்பாக உலர்த்தி, பொடியாகத்தான் விற்கிறோம். உணவுப் பாதுகாப்புப் பதிவும் வாங்கிவிட்டோம். வீட்டுக்குச் செய்கிற தங்கச்சிமார்களும் பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு வெளியில் வைக்காதீங்க.

அந்த மாதக் கூட்டத்தில் என்ன நடந்தது தெரியுமா? "அவ பண்ணின தப்பு, அவளே கட்டட்டும்" என்று பேச்சு வந்தது. நான் தலை நிமிரவில்லை. தப்பு என்னுடையதுதானே. அப்போ மூலையில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்த எங்க குழுப் பெரியம்மா, பின்னுறதை நிறுத்தாமலே சொன்னாங்க: "லாபம் வந்திருந்தா அவளுக்கு மட்டுமா குடுத்திருப்பீக? வரவு பொதுன்னா செலவும் பொது." கூட்டம் அமைதியாகிவிட்டது. நஷ்டத்தை எல்லோரும் பங்கு போட்டோம். தீர்மான நோட்டில் எழுதினோம்.

இப்போ சாக்ஸ் கதைக்கு வர்றேன். எங்க மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கம்பளி ஆடு எங்களுக்குப் புதுசு இல்லை. பெரியம்மா சின்ன வயதில் பின்னக் கற்றவர். நாலு ஊசியில் பின்னுவார், 12-ஆம் நம்பர் ஊசி. 60 கண்ணி ஏற்றி மூன்று ஊசியில் இருபது இருபதாகப் பிரித்து, நாலாவது ஊசியால் வட்டமாகச் சுற்றி வரணும். மேலே ரெண்டு நேர், ரெண்டு மறி. அதுதான் காலை இறுக்கிப் பிடிக்கும். குதிகாலுக்குப் பாதிக் கண்ணி, அதாவது 30-ஐ மட்டும் முன்னும் பின்னும் 30 வரிசை பின்னித் திருப்பணும். பின்னத் தெரிந்தவங்களே திணறுகிற இடம் அந்தத் திருப்பம்தான். குதிகால் சீக்கிரம் தேயும் என்பதால் அங்கே மட்டும் நைலான் நூலைச் சேர்த்துப் பின்னுவார். விரல் பக்கம் கண்ணியைக் குறைத்துக்கொண்டே போய் முடிக்கணும். வெந்நீரில் துவைத்தால் கம்பளி சுருங்கிக் குழந்தை சாக்ஸ் ஆகிவிடும், பச்சைத் தண்ணிதான்.

பெரியம்மாவுக்கு முட்டி வலி. அடுப்படியில் நிற்க முடியாது. பொடி வியாபாரத்தில் அவருக்கு வேலை இல்லை. சாக்ஸ்தான் அவர் கைக்காசு. பொடி நன்றாகப் போகத் தொடங்கியதும், "சாக்ஸை விட்டுறலாம், அதுல என்ன கிடைக்குது?" என்று குழுவில் எல்லோரும் பேசினார்கள். இந்த முறை மூலையில் இருந்து சத்தம் வரவில்லை. பெரியம்மா தனக்காகப் பேசவில்லை. நான் எழுந்து, "விடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாப்போம்" என்றேன்.

போட்டோம். ஒரு ஜோடிக்கு நூல் 160 ரூபாய். கடைக்காரர் எங்களிடம் வாங்கிய விலை 220. மிச்சம் 60 ரூபாய். ஒரு ஜோடி பின்ன எத்தனை மணி நேரம் என்று அதுவரை யாரும் பார்த்ததே இல்லை. கடிகாரம் வைத்துப் பார்த்தோம். 14 மணி நேரம்! மணிக்கு நாலே கால் ரூபாய் சொச்சம். கேட்டதும் கூட்டத்தில் ஒருத்தரும் பேசவில்லை. பெரியம்மா மட்டும், "நான் சும்மா இருக்குற நேரத்துல தானே பின்னுறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் அக்கா, நம்மை எல்லாம் ஏமாற்றுகிற வார்த்தை. நாம் சும்மா இருந்த நேரம் எது?

மணிக்கு 35 ரூபாய் கூலி என்று எழுதினோம். 14 மணிக்கு 490. நூல் 160. கவருக்கு 10. ஆக 660 ரூபாய். "இந்த விலைக்கு எவன் வாங்குவான்?" என்று சிரித்தார்கள். சீசனில் கடைக்காரருக்குக் கொடுக்காமல் நாங்களே மேசை போட்டோம். பெரியம்மா அங்கேயே உட்கார்ந்து பின்னினார். குதிகால் திருப்புவதை நின்று பார்த்தவர்கள் விலை கேட்டு முகம் சுளிக்கவில்லை.

முந்தின சீசனில் 40 ஜோடி விற்றோம். கூலியாகக் கிடைத்தது 2,400 ரூபாய், உழைப்பு 560 மணி நேரம். இந்த சீசனில் 17 ஜோடிதான் போனது. கூலி 8,330 ரூபாய், உழைப்பு 238 மணி நேரம். விற்றது பாதிகூட இல்லை, கையில் நின்றது மூன்று மடங்குக்கு மேல். ஆனா ஒன்றை மறைக்கக் கூடாது. பின்னி வைத்ததில் 9 ஜோடி இன்னும் பெட்டியில் இருக்கிறது. அடுத்த சீசன் வரை அந்த நூல் காசு முடங்கித்தான் கிடக்கும். அதனால இப்போ கேட்டு வாங்குகிற அளவுக்கு மட்டும் பின்னுகிறோம். ரெண்டு சின்னப் பொண்ணுங்க பெரியம்மாவிடம் குதிகால் திருப்பம் கற்றுக்கொள்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான். சோறோ சாக்ஸோ, உங்கள் குழு எதைச் செய்தாலும் கணக்கு நோட்டில் மூன்றாவதாக ஒரு வரி போடுங்க. பொருள் செலவு ஒன்று, விற்ற விலை ஒன்று, உங்கள் நேரம் ஒன்று. அந்த வரியைப் போடாமல் "இதுல லாபமில்லை, விடு" என்றும் சொல்லாதீங்க, "ஏதோ கிடைக்குதே" என்றும் இருந்துவிடாதீங்க. யாராவது தப்புப் பண்ணிவிட்டால், எங்க பெரியம்மா சொன்னதை நினைச்சுக்கோங்க. வரவு பொதுன்னா செலவும் பொது.

வெளியே எங்க மேசையில் பொடியும் இருக்கு, அந்த 9 ஜோடியும் இருக்கு. விலை 660 தான், குறைக்க மாட்டோம். பெரியம்மா வந்திருக்காங்க, குதிகால் திருப்பம் பார்க்கணும்னா போய்ப் பாருங்க.