60 நாள் கணக்கு
(வேலை நீக்கம் குறித்த விளக்கக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)



வக்கீல் பேசினால் நீளும் என்று பயப்பட வேண்டாம். இன்று நீங்கள் வீட்டுக்குக் கொண்டு போக வேண்டியது ஒரே ஓர் எண்: 60.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கணவனும் மனைவியும் என்னைப் பார்க்க வந்தார்கள். அவர் ஒரு தொழிற்சாலையில் 19 ஆண்டுகள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். சரக்கு காணவில்லை என்று சொல்லி, விசாரணைகூட இல்லாமல் நீக்கிவிட்டார்கள். மேனேஜர் "மேலே பேசுகிறேன், பொறுங்கள்" என்றார். கட்சிக்காரர் "பார்க்கலாம்" என்றார். இவரும் நம்பிக் காத்திருந்தார். என்னிடம் வந்தது 67ஆவது நாள். "ஒரு வாரம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா அண்ணே" என்று மட்டும்தான் என்னால் கேட்க முடிந்தது. அந்த அக்கா 19 வருடச் சம்பளச் சீட்டுகளையும் ஒரு பையில் அடுக்கிக் கொண்டு வந்திருந்தார். அப்படியே திரும்ப எடுத்துக் கொண்டு போனார்.

1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவு என்ன சொல்கிறது? நியாயமான காரணம் இல்லாமல் நீக்கப்பட்ட தனியார் துறைத் தொழிலாளி, 60 நாட்களுக்குள் தொழிலுறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். தோட்டத் தொழிலாளியோ மேனேஜரோ, சம்பள வரம்பு கிடையாது. கட்டணமும் கிடையாது. ஆனால் நாள் தப்பினால் அதிகாரி நினைத்தாலும் நீட்டிக்க முடியாது. 1981லேயே கூட்டரசு நீதிமன்றம் இதை உறுதிப்படுத்திவிட்டது.

60 நாள் என்பது இரண்டு மாதம் அல்ல. ஜூலை 1ஆம் தேதி நீக்கப்பட்டால் ஆகஸ்ட் 30 கடைசி நாள். செப்டம்பர் 1ஆம் தேதி போனால் கதவு மூடியிருக்கும். கம்பெனிக்கு அப்பீல் எழுதியிருந்தாலும், போலீஸ் விசாரணை நடந்தாலும் இந்தக் கணக்கு நிற்காது. நோட்டீஸ் கொடுத்து நீக்கினால் அது முடியும்வரை காத்திருக்க வேண்டாம். நோட்டீஸ் காலத்திலேயே மனு கொடுக்கலாம்.

இன்னொன்று. பாக்கிச் சம்பளம், ஓவர்டைம் பணம் கேட்பது தொழிலாளர் இலாகாவில். வேலை நீக்கத்தை எதிர்ப்பது தொழிலுறவு இலாகாவில். இரண்டும் வேறு வேறு. தவறான வாசலில் நின்றாலும் நாள் ஓடும். மனுவில் "மீண்டும் வேலையில் அமர்த்த வேண்டும்" என்று கேளுங்கள். 20ஆவது பிரிவு அதற்காகத்தான் இருக்கிறது. முத்திரை குத்திய நகல் ஒன்றை வாங்கி வையுங்கள்.

"நீயே ராஜினாமா எழுதிக் கொடு, போலீசுக்குப் போக மாட்டோம்" என்பார்கள். எழுதாதீர்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ எதைக் கொடுத்தாலும், புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டுக்குக் கொண்டு போய்ப் படித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்வது குற்றம் அல்ல. மிரட்டலில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? அன்றே நடந்ததை எழுதிக் கம்பெனிக்கு அனுப்புங்கள், மனுவும் கொடுங்கள். கட்டாய ராஜினாமா என்று நிரூபித்தால் நீதிமன்றம் அதை வேலை நீக்கமாகவே பார்க்கும்.

மனு கொடுத்ததும் இலாகா இரு தரப்பையும் சமரசப் பேச்சுக்கு அழைக்கும். அங்கே வக்கீல்களுக்கு இடமில்லை, முதலாளிக்கும்தான். ஆகவே தைரியமாகப் போங்கள். எவ்வளவு தொகை, எந்தத் தேதியில் என்று எழுத்தில் கேளுங்கள். ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் வழக்கு அத்தோடு முடிந்தது. யோசிக்க நேரம் கேளுங்கள்.

சமரசம் ஆகாவிட்டால் வழக்கை நீதிமன்றத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முன்பு அமைச்சர் முடிவு செய்தார். 2021 ஜனவரி 1 முதல் அது இல்லை. இலாகாவே நேராகத் தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்புகிறது. அங்கே நீக்கியதற்கான காரணத்தை நிரூபிக்க வேண்டியது முதலாளி. தமிழில்தான் நன்றாகப் பேச வரும் என்றால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஜெயித்தால் பின்சம்பளம் அதிகபட்சம் 24 மாதம், தகுதிகாண் காலத்தில் இருந்தவருக்கு 12 மாதம். இடையில் சம்பாதித்ததைக் கழிப்பார்கள். அதற்காகச் சும்மா இருக்காதீர்கள். வேலை தேடுங்கள், தேடியதற்கான தாள்களையும் வையுங்கள். முகவரியோ தொலைபேசி எண்ணோ மாறினால் தெரிவியுங்கள். விசாரணை நாளைத் தவற விட்டால் வழக்கே தள்ளுபடி ஆகலாம்.

வேலைக் கடிதம், சம்பளச் சீட்டு, இபிஎஃப் அறிக்கை, காரணம் கேட்ட கடிதம், அதற்கு நீங்கள் எழுதிய பதில், வேலை நீக்கக் கடிதம் வந்த உறை, போனில் வந்த செய்திகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போடுங்கள்.

கடைசியாகத் தாய்மார்களுக்கு. வேலை போனதை வெட்கப்பட்டு வீட்டில் சொல்லாத ஆண்கள் நம்மிடையே நிறைய பேர். அந்த மௌனத்தில் பாதி நாள் போய்விடுகிறது. அவர் சொன்ன அன்றே திட்டாதீர்கள். காலண்டரை எடுத்து 60ஆவது நாளைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். மறுநாள் காலையில் இருவருமாக இலாகாவுக்குக் கிளம்புங்கள்.