நிற்கும் தாய்மாரின் அடிவயிற்று வலி



தலைமையாசிரியன் என்றால் தேர்ச்சி விழுக்காடு பற்றிப் பேசுவான் என எதிர்பார்த்திருப்பீர்கள். நான் வருகைப் பதிவேட்டிலிருந்து தொடங்குகிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு வருவதில்லை. விசாரித்தேன். தாய் ஒரு துணிக்கடையில் நாளெல்லாம் நிற்பவர். வீடு திரும்பியதும் அடிவயிற்று வலியால் படுத்துவிடுவார். சமையலும் தம்பியும் மகளின் பொறுப்பு. "பெண்ணாய்ப் பிறந்தால் இது உண்டு" என்று அண்டை வீட்டார் சொன்னார்களாம்.

அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. இத்தகைய வலிக்குக் காரணம் பல இருக்கலாம்; அவற்றுள் அதிகம் அறியப்படாத ஒன்று இடுப்புக்குழிச் சிரைகளின் வீக்கம்.

இதயத்திற்குக் குருதியைத் திருப்பிக் கொண்டுசெல்வன சிரைகள். குருதி கீழே இறங்காதபடி அவற்றுள் சிறு கதவுகள் போன்ற தடுக்கிதழ்கள் உண்டு. கருவுற்ற காலத்தில் உடலில் குருதியின் அளவு ஏறத்தாழ பாதியளவு கூடுகிறது; சிரைகள் விரிகின்றன. பிள்ளைப்பேறு பலமுறை நேர்ந்தால் இதழ்கள் சரியாகப் பொருந்தாமற் போகலாம். இடப்பக்கச் சூலகச் சிரை நேரே பெருஞ்சிரையிற் சேராமல் சிறுநீரகச் சிரையிற் சேர்வதால், அப்பக்கம் தொல்லை மிகுதி. நீண்ட நேரம் நிற்கையில் தேங்கிய குருதி மேலும் தேங்கும்.

ஏரி மதகு பழுதானால் நீர் தேங்கிப் பாசி பிடிப்பது போலத்தான் இது. தேக்கத்தில் வெள்ளணுக்கள் சிரைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, தீவிரமாக வினைபுரியும் ஆக்சிஜன் துகள்களை வெளியிடுகின்றன. அவற்றை அடக்கும் ஆற்றல் உடலுக்கு உண்டு. அது போதாத நிலையையே ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கின்றனர். சுவரின் உட்படலம் நைகிறது, வீக்கம் வளர்கிறது. ருஷ்ய நாட்டு இர்குட்ஸ்க் நகர ஆய்வாளர்கள் இந்நோயுற்ற பெண்களின் குருதியில் இதனை ஆராய்ந்துள்ளனர். இதைச் சொல்லிச் சத்து மாத்திரை விற்க வருவோரிடம் கூலிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்!

நின்றால் கூடும், மாலையில் மிகும், மாதவிலக்குக்கு முன் உறுத்தும், படுத்தால் தணியும் வலி என்றால், அதை இப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். கூச்சம் வேண்டா. டாப்ளர் ஸ்கேனில் சிரைவிரிவு தெரியும். மருந்துண்டு, தேவையெனில் அறுவையின்றிச் சிரையை அடைக்கும் முறையும் உண்டு. சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நெடுங்காலமாக உள்ளது. நாமக்கல்லிலும் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது.

குமாரபாளையம், பள்ளிபாளையம் தறிக்கூடங்களில் நிற்போரும் நம் வீட்டுப் பெண்களே. வேலையின் இடையே அமர வசதி வேண்டுமென்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே கூறியது. கடைகளுக்கோ அது வர நெடுநாளாயிற்று. கேரளத்தில் விற்பனைப் பெண்கள் போராடி 2018இல் அவ்வுரிமையைப் பெற்றனர். தமிழகச் சட்டமன்றம் 2021 செப்டம்பரில் இருக்கை வழங்க வேண்டுமெனத் திருத்தம் நிறைவேற்றியது.

அந்தத் தாயார் சென்ற மாதம் ஸ்கேன் எடுத்தார். இடப்பக்கச் சிரை விரிந்திருந்தது, மருத்துவம் நடக்கிறது. கடையில் இருக்கை இன்னும் வரவில்லை. தொழிலாளர் துறை அலுவலகத்திற்கு மனு எழுத நம் சங்கத்து இளைஞர் இருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வரும் திங்களன்று நானும் உடன் செல்கிறேன்.